தொழில் பழகும் பிள்ளை யார் பொறுப்பு?

ஜெர்மனியில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் தச்சுத் தொழில் கற்க வேண்டுமென்று ஆசைப்பட்டால், விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவன் முதலில் போய் நிற்பது ஒரு பட்டறை முதலாளியின் வாசலில்தான். அந்த முதலாளி அவனோடு பேசிப் பார்த்து, சில நாள் கூடவே வைத்துச் சோதித்து, மனம் ஒப்பினால் ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார். அதில் அவரும் பையனும் கையெழுத்திட, பையன் மைனரானால் அவனுடைய தாய் தந்தையரும் கையெழுத்திட, அந்தப் பத்திரம் அவ்வட்டாரத்துக் கைத்தொழில் சபையின் பதிவேட்டில் ஏறுகிறது. பள்ளிக்கூடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் பட்டறை, எஞ்சிய ஓரிரு நாள் தொழிற்பள்ளி என்று மூன்று ஆண்டுகள், சில தொழில்களில் மூன்றரை ஆண்டுகள், அவனுடைய காலம் கழிகிறது. மாதந்தோறும் சிறு சம்பளமும் உண்டு.

இந்த விந்தையைப் பார்த்துவருவதற்காக எத்தனையோ தேசங்களிலிருந்து மந்திரிகளும் நிபுணர்களும் அந்நாட்டுக்கு யாத்திரை போய்வந்திருக்கிறார்கள். அவர்களில் பலர் ஊர் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது, 'இத்தனை நாள் வேலை, இத்தனை நாள் படிப்பு' என்ற அந்த அட்டவணையைத்தான். அட்டவணையைப் பெயர்த்தெழுத ஒரு பிற்பகல் போதும். அந்தப் பையன் பட்டறையில் நிற்கும்போது அவன் மாணவனா, தொழிலாளியா, அவனுக்கு யார் பொறுப்பு, அவனுக்கு ஒரு குறை நேர்ந்தால் யார் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு அந்தச் சமூகம் நூறு வருஷத்துக்கு மேலாக யோசித்து, சண்டையிட்டு, சமாதானமாகி எழுதி வைத்த விடையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. தேசத்துக்குத் தேசம் தொழிற்கல்வி மாறுபடுவதெல்லாம், என் அபிப்பிராயத்தில், இந்த ஒரு கேள்விக்கு அவரவர் சொல்லும் விடையைப் பொறுத்துத்தான்.

ஜெர்மானியர் சொல்லும் விடை 1969-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட தொழிற்பயிற்சிச் சட்டத்தில் இருக்கிறது. பழகுநருக்கு அவருடைய பயிற்சிக்கு உதவுகிற வேலையை மட்டுமே, அதுவும் உடல் தாங்கும் அளவுக்கு மட்டுமே கொடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் விதிக்கிறது. ஆகவே வந்த முதல் வருஷம் முழுவதும் டீ வாங்கிவரவும் தரையைக் கூட்டவும் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்வது அங்கே சட்டவிரோதம். பள்ளிக்குப் போகும் நாளுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. அதிகபட்சம் நான்கு மாதமான பரீட்சார்த்த காலம் கழிந்த பிறகு, பெரிய குற்றம் ஏதும் இல்லாமல் முதலாளி அவரை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அந்தத் தொழிலே தமக்கு வேண்டாமென்று பழகுநருக்குத் தோன்றினால் நான்கு வார அறிவிப்புக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். கடைசித் தேர்வை நடத்துவது அவருடைய சொந்த முதலாளி அல்லர். முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளரின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் அமர, தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவராவது உடன் இருக்கும் ஒரு குழு அது. தாம் கற்றதைப் பழகுநர் தொடர்ந்து எழுதிவரும் ஒரு குறிப்பேடு உண்டு. முதலாளி அவ்வப்போது பார்த்து ஒப்பமிடும் அந்த ஏட்டைக் காட்டாமல் தேர்வுக்கு உட்கார இயலாது. கற்கிறவருக்குப் போலவே கற்றுக்கொடுப்பவருக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. பயிற்சியிடங்களைப் பெருக்கலாம் என்ற எண்ணத்தில் அந்த விதியை 2003-ஆம் ஆண்டில் நிறுத்தி வைத்துப் பார்த்தார்கள்; பயிற்சியின் தரம் பற்றிக் கவலை எழவே 2009-இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள்.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. ஜெர்மானியச் சட்டத்தில் பழகுநரும் ஆலைத் தொழிலாளர் கணக்கில் சேர்கிறார். தொழிற்சங்க ஒப்பந்தங்கள் அவருடைய சம்பளத்தையும் நிர்ணயிக்கின்றன. பெரிய ஆலைகளில் இளைஞரும் பழகுநரும் தமக்கென்று பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆக, அந்தப் பையன் மாணவனா தொழிலாளியா என்று கேட்டால், இரண்டும்தான் என்று சட்டம் பதில் சொல்கிறது. இரண்டுக்கும் உரிய பாதுகாப்புகள் அவனுக்கு உண்டு.

இது ஒரு நாளில் முளைத்ததன்று. மத்திய காலத்துத் தொழிற்குழுக்களின் ஆதிக்கத்தை 1810-இல் பிரஷ்ய அரசு உடைத்து, யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாமென்று அறிவித்தபோது, கூடவே குருகுலமாக நடந்துவந்த பயிற்சியும் தளர்ந்துபோயிற்று. அந்த நூற்றாண்டின் இறுதியில், 1897-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்தொழிற் சபைகளை நிறுவிப் பழகுநரை மேற்பார்வை செய்யும் அதிகாரத்தை அவற்றிடம் ஒப்படைத்தது. பட்டறைப் பக்கம் இப்படிச் சீர்ப்பட்டது. பள்ளிப் பக்கத்தைச் சீர்ப்படுத்தியவர் மியூனிக் நகரத்துப் பள்ளிகளின் தலைமை அதிகாரியாக 1895-இல் பதவியேற்ற கேயார்க் கெர்ஷன்ஷ்டைனர் என்ற ஆசிரியர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் தொழிலாளர் வீட்டுப் பையன் இருபது வயதில் ராணுவ சேவைக்குப் போகும் வரையில் அவனை நல்ல பிரஜையாக வளர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு எர்ஃபுர்ட் நகரத்து அறிஞர் சபை கட்டுரை கேட்டது. 1901-இல் கெர்ஷன்ஷ்டைனருக்குப் பரிசு கிடைத்தது. அவன் கையில் இருக்கும் தொழிலைக் கொண்டே அவனுக்குக் கணக்கும் மொழியும் குடிமையும் கற்பிக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன வழி. ஞாயிற்றுக்கிழமைகளிலும் மாலைகளிலும் பழைய பாடத்தையே திரும்பச் சொல்லிக்கொண்டிருந்த தொடர்பள்ளிகளை அவர் தொழில்வாரியாகப் பிரித்து அமைத்தார். இன்றைய தொழிற்பள்ளி அதன் வழித்தோன்றல். 'இரட்டை முறை' என்ற பெயர் மட்டும் மிகவும் பிற்பட்டது. 1964-இல் ஒரு கல்விக் குழுவின் அறிக்கையில்தான் அது வழக்குக்கு வந்தது. காரியம் முதலிலும் பெயர் பின்னாலும் வருவது நல்ல சகுனம் என்று நான் நினைப்பதுண்டு.

இன்று ஏறத்தாழ 325 தொழில்களுக்கு அந்நாட்டில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டம் உண்டு. ஒவ்வொன்றையும் பான் நகரத்திலுள்ள மத்திய தொழிற்கல்வி நிறுவனத்தின் மேற்பார்வையில் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கமும் எதிரெதிரே அமர்ந்து வரிவரியாகப் பேசித் தீர்மானிக்கின்றன. பள்ளிப் பாடத்தை மாநிலக் கல்வி மந்திரிகள் அதற்கு இசைய வகுக்கிறார்கள். இதனால் ஹாம்பர்க்கில் கற்ற ரொட்டிக்காரரின் சான்றிதழ் மியூனிக்கிலும் செல்லுபடியாகிறது. ஒரே ஒரு கம்பெனிக்கு மட்டும் பயன்படும் வித்தையைச் சொல்லிக்கொடுத்து, ஆளை அங்கேயே கட்டிப்போடும் தந்திரம் இங்கே எடுபடாது.

அப்படியானால் முதலாளி ஏன் கற்றுக்கொடுக்கிறார்? மூன்று வருஷம் தம் செலவில் ஒருவனை ஆளாக்கி விட்டால், மறுநாளே பக்கத்துத் தெருக்காரர் ஐந்து காசு கூடக் கொடுத்து அவனை இழுத்துக்கொண்டு போய்விட மாட்டாரா? உலகமெங்கும் முதலாளிகள் கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்வியுங்கூட. அங்கே சம்பளங்கள் சங்க ஒப்பந்தப்படி பெரும்பாலும் ஒத்திருப்பதால் ஐந்து காசு ஆசை காட்டுவதற்கு அதிக இடமில்லை; ஊர்ச் சபையில் எல்லா நிறுவனங்களும் கட்டாயமாக உறுப்பினர் ஆகையால், கற்றுக்கொடுக்காமல் பறித்துக்கொள்பவரின் முகம் ஊருக்குத் தெரிந்துவிடும். கட்டடத் தொழிலில் இன்னும் ஒருபடி மேலே போய், எல்லா நிறுவனங்களும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட வேண்டும், பழகுநரை வைத்துக்கொள்பவருக்கு அந்த நிதியிலிருந்து செலவு திரும்பி வரும் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இவ்வளவும் இருந்தும், அந்நாட்டு நிறுவனங்களில் பழகுநரை வைத்துக்கொள்பவை சுமார் ஐந்தில் ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறைகள் வேறும் உண்டு. பெரும்பாலான ஜெர்மன் மாநிலங்களில் பத்து வயதிலேயே குழந்தைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பும் பழைய வழக்கத்தின் நிழல் இந்த முறையின் மீது கனமாகப் படிந்திருக்கிறது. குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பயிற்சியிடம் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. இடம் கிடைக்காதவர்கள் ஆயத்த வகுப்புகளில் ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். மறுபுறம், ரொட்டிக்கடைக்காரரும் இறைச்சிக்கடைக்காரரும் பழகுநர் கிடைக்காமல் தவிக்கிறார்கள். படிப்பு என்றால் பல்கலைக்கழகந்தான் என்ற எண்ணம் அங்கேயும் பரவிவருகிறது.

அந்த எண்ணத்துக்கு ஒரு நல்ல மருந்தைக் கண்டவர்கள் அண்டை நாட்டாரான சுவிட்சர்லாந்துக்காரர்கள். அங்கே இளைஞரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் கட்டாயக் கல்வி முடிந்தவுடன் தொழிற்பயிற்சியில்தான் சேருகிறார்கள். வங்கி, இன்ஷ்யூரன்ஸ் முதலிய மேசை வேலைகளுக்கும் பழகுநராகச் சேரலாம். உலகறிந்த யூ.பி.எஸ். வங்கியின் தலைமை அதிகாரியாக விளங்கும் செர்ஜியோ எர்மோட்டி, லுகானோ நகரத்து வங்கி ஒன்றில் பழகுநராகத் தொடங்கியவர். 1990-களில் அவர்கள் தொழிற்பயிற்சியோடு சேர்த்தே பெறக்கூடிய ஒரு மெட்ரிகுலேஷன் சான்றிதழையும், அதைக் கொண்டு சேரக்கூடிய பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகங்களையும் ஏற்படுத்தினார்கள். பதினைந்து வயதில் உளியைப் பிடித்தவன் இருபத்தைந்து வயதில் என்ஜினீயராகும் பாதை அடைபடாமல் திறந்திருக்கிறது. சுவிஸ் பழகுநர் தம் பயிற்சிக் காலத்தில் உற்பத்தி செய்து கொடுப்பது, சராசரியாகப் பார்த்தால், அவருக்கு ஆகும் செலவை விட அதிகம் என்று அந்நாட்டுப் பொருளாதார நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஜெர்மன் முதலாளிக்கோ சராசரியில் கைப்பணம் செலவாகிறது. தருமத்துக்காக அல்லாமல் லாபத்துக்காகவே முதலாளி கற்றுக்கொடுக்கும்படி அமைந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கும். 1980-களில் இலங்கையின் கலவரங்களிலிருந்து தப்பிச் சென்று சுவிட்சர்லாந்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களும் இந்தக் கதையில் இருக்கின்றன. தொழிற்பயிற்சிக்கு அங்கே வழங்கும் 'லேரே' என்ற சொல்லையும், பல்கலைக்கழகத்துக்கு அழைத்துச் செல்லும் பள்ளிக்கு வழங்கும் 'கிம்னாசியம்' என்ற சொல்லையும் எதிரெதிரே வைத்துப் பிள்ளையின் எதிர்காலத்தை எடைபோட வேண்டிய நிலை அவர்களுக்கும் வந்தது. டாக்டர், என்ஜினீயர் என்ற இரண்டு சொற்களோடு புறப்பட்டுப் போன பெற்றோருக்கு அந்தத் தராசைப் பிடிப்பது எளிதாக இருந்திராது.

ஜப்பான் முற்றிலும் வேறொரு விடை சொல்லிற்று. அங்கே வித்தையைக் கற்பிப்பது பெரும்பாலும் கம்பெனியின் காரியம். பள்ளிக்கூடத்தின் காரியம் பிள்ளையைப் பொறுப்புள்ள கையில் ஒப்படைப்பது. யுத்தம் முடிந்து 1947-இல் இயற்றப்பட்டுப் பின்னர் திருத்தப்பட்ட வேலைவாய்ப்புச் சட்டம், வேலைத் தரகர்களின் கொடுமையிலிருந்து இளைஞரைக் காப்பதற்காக, பள்ளிகளே வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பங்காளிகளாக நின்று மாணவருக்கு வேலை தேடித் தர வழி செய்தது. அதன்பின் 1954 முதல், வடகோடியிலுள்ள அவோமோரி முதலிய ஊர்களிலிருந்து பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோவின் உவெனோ நிலையத்துக்கு விசேஷ ரயில்கள் இருபது வருஷங்களுக்கு மேல் ஓடின. ஆள் கிடைக்காத அந்தக் காலத்தில் அப்பிள்ளைகளுக்குப் 'பொன் முட்டைகள்' என்று பெயர். நம் கதையில் பொன் முட்டைக்காக வாத்தை அறுத்த பேராசைக்காரன் நினைவுக்கு வருகிறான். ஜப்பானிய முதலாளிகள் எல்லோரும் அவனைப் போல் இருந்துவிடவில்லை என்பதற்குப் பள்ளி ஆசிரியர்களும் ஒரு காரணம்.

உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு இந்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டுமானால் சம்பளம், வேலை நேரம் எல்லாவற்றையும் எழுதி அரசின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காட்டிச் சரிபார்த்து முத்திரை பெற வேண்டும். ஜூலை முதல் தேதிக்கு முன் அந்தச் சீட்டு பள்ளிக்குப் போகக் கூடாது. செப்டம்பர் நடுவில்தான் தேர்வு தொடங்கலாம். இன்ன மாணவனுக்கு இன்ன கம்பெனி பொருந்தும் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி ஒருவனைச் சிபாரிசு செய்கிறார்கள். ஒரு மாணவன் முதலில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் மனுப்போடலாம் என்பது பெரும்பாலான மாகாணங்களில் நெடுங்காலம் நிலவிய வழக்கம். கம்பெனியோ, பள்ளி அனுப்பும் பிள்ளையைப் பெரும்பாலும் தள்ளுவதில்லை. சென்ற ஆண்டு அனுப்பிய பையன் மூன்று மாதத்தில் வேலையை விட்டு ஓடிவிட்டால் அடுத்த ஆண்டு சீட்டு வராது. கம்பெனி பிள்ளையைக் கசக்கிப் பிழிந்தால் அடுத்த ஆண்டு பள்ளி பிள்ளையை அனுப்பாது. ஆண்டுக்கணக்காக இருபுறமும் காத்துவந்த இந்த நம்பிக்கைதான் எழுதப்படாத ஒப்பந்தம். பதினெட்டு வயதுப் பையன் தன் ஆசிரியரின் வாக்கையும் தனக்குப் பின்னால் வரப்போகும் தம்பிமாரின் வாய்ப்பையும் தோளில் சுமந்துகொண்டு ஆலைக்குள் நுழைகிறான் என்பதை நினைக்கும்போது, அந்தச் சுமை கொஞ்சம் அதிகமோ என்றும் தோன்றாமலில்லை. பொருளாதாரம் செழித்த நாளில் இது அற்புதமாக நடந்தது. 1990-களில் செழிப்பு வற்றியபோது சீட்டுகள் சில ஆண்டுகளுக்குள் மளமளவென்று குறைந்தன; ஆசிரியர் சிபாரிசு செய்ய ஆளிருந்தும் ஏற்க ஆலையில்லாமற்போயிற்று; எந்தப் பக்கமும் சேராமல் ஒரு தலைமுறையே தற்காலிக வேலைகளில் சிதறியது. ஒருவருக்கு ஒரே கம்பெனி என்ற வழக்கமும் இளைஞரின் சுதந்திரத்துக்கு இடையூறு என்று இப்போது கேள்விக்கு உள்ளாகி, அகிதா, ஓகினாவா முதலிய இடங்களில் தளர்ந்திருக்கிறது.

இங்கிலாந்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1563-இல் எலிசபெத் ராணியின் ஆட்சியில் ஏழு வருஷப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். இத்தனை நீண்ட பயிற்சி தேவையற்றது, தொழிலாளியின் சுதந்திரத்துக்கு விரோதமானது என்று 1776-இல் ஆடம் ஸ்மித் வாதாடினார். 1814-இல் அந்த விதியை எடுத்தே விட்டார்கள். பிறகு நூற்றைம்பது வருஷம் முதலாளியும் தொழிற்சங்கமும் தமக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்று அரசு ஒதுங்கி நின்றது. 1964-இல் தொழில்வாரியாகப் பயிற்சி வாரியங்கள் அமைத்து வரி விதித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் அவற்றில் பெரும்பாலானவற்றைக் கலைத்தார்கள். 2017 ஏப்ரலில் மறுபடியும் ஒரு லெவி வந்தது. லெவி நெல் என்று கேட்டிருக்கும் நம் பெரியவர்களுக்கு அந்தச் சொல் புதிதன்று. ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மேற்பட்ட தொகையில் 0.5 சதவிகிதம் செலுத்தி, அதைப் பழகுநர் பயிற்சிக்குச் செலவழித்துத் திரும்பப் பெறலாம். நடந்தது என்ன? கட்டிய பணத்தை மீட்க நிறுவனங்கள் தம்மிடம் ஏற்கெனவே வேலை பார்க்கும் மானேஜர்களையே 'பழகுநர்' என்று பதிந்து மேலாண்மைப் படிப்புக்கு அனுப்பின; புதிதாகச் சேரும் இளைஞரின் தொகை குறைந்தது. பணம் வந்தது, பொறுப்பு ஏற்க ஆள் வரவில்லை.

தென் கொரியாவைப் பற்றி எழுதும்போது பேனா தயங்குகிறது. 2010-இல் அந்நாடு தேர்ந்த கைவினைஞரைக் குறிக்கும் ஜெர்மானியரின் 'மைஸ்டர்' என்ற சொல்லையே கடன் வாங்கி மைஸ்டர் உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. பள்ளியின் மதிப்பை அதன் மாணவரில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற எண்ணிக்கையால் அளக்கும் வழக்கம் அந்நாட்டுத் தொழிற்பள்ளிகள் எங்கும் பரவியிருந்தது. எண்ணிக்கை குறையக் கூடாதென்ற அவசரத்தில், படிப்பு முடியுமுன்னரே மாணவரைக் களப்பயிற்சி என்ற பெயரில் வேலைக்கு அனுப்பினார்கள். 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜியோஞ்சு நகரத்துத் தொலைபேசிச் சேவை மையம் ஒன்றில் பயிற்சிக்குச் சென்ற மாணவி ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். அதே ஆண்டு நவம்பரில் ஜெஜு தீவில் குடிநீர் நிரப்பும் ஆலையில் ஒரு மாணவன் இயந்திரத்தில் சிக்கி இறந்தான். முதல் சம்பவத்தைத் தழுவி எடுக்கப்பட்ட 'நெக்ஸ்ட் சோஹீ' என்ற திரைப்படத்தில் ஒரு போலீஸ் அதிகாரி கம்பெனிக்கும் பள்ளிக்கும் கல்வி அலுவலகத்துக்கும் மாறி மாறிப் போய்க் கேட்கிறார். எல்லோரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள். இந்தக் கட்டுரையின் தலைப்பை அந்தப் படத்துக்கும் வைக்கலாம்.

சிங்கப்பூர் அரசு, பொறுப்பு முழுவதையும் தன் தோளில் ஏற்றிக்கொண்டது. தொழிற்சாலைகளை வரவழைக்க வேண்டும், அவற்றுக்கோ தேர்ந்த கை வேண்டும் என்ற நிலையில், 1972-இல் நம் நாட்டு டாட்டா நிறுவனத்தோடு சேர்ந்து அங்கே ஒரு பயிற்சி நிலையம் தொடங்கிற்று. ரோலை, பிலிப்ஸ் நிறுவனங்களோடு அடுத்தடுத்துத் தொடங்கியவையும், பின்னர் ஜப்பானிய, ஜெர்மானிய, பிரெஞ்சு அரசுகளோடு தொடங்கியவையும் அந்த வழியில் வந்தவையே. 1992-இல் அமைந்த ஐ.டி.ஈ. என்ற தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் மூன்றெழுத்தை 'இதுவே முடிவு' என்று பொருள்படும்படி விரித்துச் சொல்லி ஊரார் கேலி செய்தார்கள். அரசு அந்தக் கேலிக்குப் பதிலாக மூன்று பெரிய கல்லூரி வளாகங்களைக் கட்டிற்று. முதலாவது 2005-இல் திறந்தது, மூன்றாவது 2013-இல். கட்டடத்தால் கௌரவம் வருமா என்று கேட்கலாம். இடிந்த சுவரும் துருப்பிடித்த லேத்தும் கொண்டு கௌரவம் வராதென்பது மட்டும் நிச்சயம்.

நம் தேசத்துக்கு வருவோம். 1950-இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் வளர்ந்த ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இன்று நாடெங்கும் 15,000 அளவில் இருக்கின்றன, பெரும்பாலானவை தனியாருடையவை. 1961-இல் இயற்றப்பட்ட பழகுநர் சட்டப்படி, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தம் ஆட்பலத்தில் 2.5 முதல் 15 சதவிகிதம் வரை பழகுநரை வைத்துக்கொள்ள வேண்டும். ஏட்டளவில் பார்த்தால் ஜெர்மனியிடமும் இல்லாத கட்டாயம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுவோரே அன்றித் தொழிலாளர் அல்லர் என்கிறது. பாதுகாப்பு விதிகளும் காயத்துக்கான நஷ்ட ஈடும் அவருக்கு உண்டென்று வேறு பிரிவுகள் சொல்வது உண்மையே. எனினும் சம்பளப் பேச்சில் அவருக்கு இடமில்லை, தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவரைத் தொடா. பயிற்சி முடிந்தபின் வேலை தர வேண்டுமென்ற கட்டாயமும் இல்லை. முதலாளி தாமே ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளலாம் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் விட்டுவிட்டது. இந்தச் சட்டத்தின் கீழ் 'ஆக்ட் அப்ரண்டிஸ்' பயிற்சி முடித்தவர்கள் ரயில்வே வேலை கேட்டுச் சென்னையில் போராடிய செய்திகளைப் படித்தவர்களுக்கு, அந்தப் பிரிவுகள் வாழ்க்கையில் என்ன ரூபம் எடுக்கின்றன என்பது தெரியும். ஐ.டி.ஐ. ஆசிரியர் ஆலைக்குள் போய்ப் பார்ப்பதில்லை. ஆலை மேஸ்திரி ஐ.டி.ஐ.யின் பாடத்தைக் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த ஃபிட்டர் பையன் ஒருவன் எட்டு மாதம் அட்டைப்பெட்டி கட்டிவிட்டுப் பழகுநர் சான்றிதழோடு வீடு வந்தான்.

நம்மவருக்கு இந்த வித்தை வராதென்று யாரும் சொல்ல வேண்டாம். 1955-இல் சுவிஸ் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு பெரம்பூரில் எழுந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையில் நம் ஆட்கள் கற்றுக்கொண்டது, உலோகப் பெட்டியை நுட்பமாகக் கட்டும் அரிய வேலை. கோயம்புத்தூரிலோ அதற்கும் முன்பே, 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தர்ம ஸ்தாபனம் ஒரு தொழிற்கூடத்தையே பள்ளியாக நடத்திற்று. 1951-இல் அதன் அருகே எழுந்த கல்லூரியின் மாணவருக்கு மோட்டாரும் பம்பும் விற்பனைக்காக உற்பத்தியாகும் கூடத்திலேயே பயிற்சி. வேலையையும் படிப்பையும் மாற்றி மாற்றி அடுக்கிய 'ஸாண்ட்விச்' பட்டப்படிப்பும் அங்கே உண்டு. அதே ஊரில் ஜி.டி. நாயுடு, என்ஜினீயரிங் படிப்புக்கு நான்கு ஆண்டு வேண்டியதில்லை என்று பிடிவாதமாக வாதாடிக்கொண்டிருந்தார். அந்த வாதத்தை நான் முழுவதும் ஒப்பவில்லை. ஆனால் பட்டறைக்காரர் ஒருவர் படிப்பைப் பற்றி வாய்திறந்து பேசிய ஊரில்தான் தொழிலும் படிப்பும் ஒன்றையொன்று அறிந்திருந்தன. இன்று தமிழ்நாட்டு அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாட்டா டெக்னாலஜீஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறது. சிங்கப்பூருக்கு 1972-இல் போன பெயர், அரை நூற்றாண்டு கழித்து அம்பத்தூருக்கும் கிண்டிக்கும் வந்திருக்கிறது. இயந்திரங்கள் நல்லவை என்றே கேள்வி. அவற்றின் முன் நிற்கும் பிள்ளை வெளியே வந்தபின் யாருடைய பதிவேட்டில் இருப்பான் என்பதற்கு இயந்திரம் பதில் சொல்லாது.

ஆகவே பிள்ளையையோ பெண்ணையோ அப்ரண்டிஸாக ஓர் ஆலைக்கு அனுப்பப்போகும் பெற்றோரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. உதவித்தொகை எவ்வளவு என்று கேட்கும் அதே மூச்சில் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். பழகுநர் ஒப்பந்தம் அரசின் பழகுநர் ஆலோசகரிடம் பதிவாக வேண்டுமென்று சட்டமே சொல்கிறது. பிள்ளை மைனரானால் அதில் பாதுகாவலரின் கையெழுத்தும் வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.